ஒரு பஃபே, ஒரு தேநீர்

போன ஞாயிற்றுக்கிழமை நான் பச்சை மீன் சாப்பிட்டேன்.

முகத்தைச் சுளிக்காதீர்கள். அடுப்பைப் பார்க்காத மீன்தான். ஆனால் தேசிக்காய்ப் புளியில் ஊறி, மெல்லிசாகச் சீவிய வெங்காயமும் மிளகாயும் கொத்தமல்லியுமாக முன்னால் வந்து நின்றால் வேறென்ன செய்வீர்கள்? பெரு நாட்டுக்காரர்கள் அதற்கு செவிச்சே என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முதல் வாய்க்குக் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டாம் வாய்க்குத் திறந்துவிட்டேன். மூன்றாம் வாய்க்குள் தட்டு காலியாகிவிட்டது.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் வயிற்றைப் பற்றித் தெரியும். லண்டனில் எந்த மூலையில் எந்த நாட்டுச் சாப்பாட்டுக்கடை திறந்தாலும் போய் இருந்து, சாப்பிட்டு, அதை உங்களுக்கும் சொல்லிவிடுவேன். எத்தியோப்பியாவின் புளித்த தோசையைப் பற்றி எழுதியபோது ஒரு வாசகி சண்டைக்கே வந்தார். இந்த வாரமும் பெரு நாட்டு பஃபேயைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதிவிட்டுப் போகலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

எழுத முடியவில்லை. அந்த மேசையில் எனக்கு எதிரே இன்னொருவர் இருந்தார். அவரைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. எழுதக் கூச்சமாக இருக்கிறது... இருந்தாலும் எழுதுகிறேன்.

தவமணி அக்கா.

சொந்தம் இல்லை. சொந்தத்துக்கும் மேலே. நான் மாணவ விசாவில் இந்த ஊருக்கு வந்து, குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற காலத்தில் அக்காவும் கணவரும் தெற்கு லண்டன் டூட்டிங்கில் ஒரு ஒற்றை அறையில் இருந்தார்கள். புதுசாகக் கலியாணம் முடித்தவர்கள். அறைக்கு நடுவில் ஒரு சேலையைக் கட்டித் தொங்கவிட்டு, அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நான். மாதக்கணக்கில்! "எப்ப போகப்போறீர்?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. "சாப்பிட்டனீரோ?" என்றும் கேட்டதில்லை. கதவைத் திறந்து உள்ளே வந்தால் சோற்றுக் கோப்பை தயாராக இருக்கும்.

கணவர் இப்போது இல்லை. மகன் கனடாவில் தன் குடும்பத்தோடு. அக்கா இன்னும் டூட்டிங்தான். ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டில் மேல்மாடி அறை. அங்கே நம்மவர் சாப்பாட்டுக்கடை ஒன்றின் குசினியில் ரோல்ஸ் சுற்றுவது வேலை. கடைசியாக அவரைப் பார்த்தது இந்த வருடம் ஏப்ரலில், பாராளுமன்றத்துக்கு முன்னால். ஊரில் நடக்கும் போரை நிறுத்தச் சொல்லி நாங்கள் எல்லோரும் பதாகையைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினோம். அக்கா கூட்டத்துக்குள் புகுந்து புகுந்து தண்ணீர்ப் போத்தல் கொடுத்துக்கொண்டு திரிந்தார்.

அதற்குப் பிறகு மே வந்தது, ஊரில் எல்லாம் முடிந்தது. அதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எந்த வீட்டில் யாருக்குச் சோறு இறங்கியது? எனக்கே இறங்கவில்லை என்றால் பாருங்கள்.

இப்போது ஒக்டோபர். போன கிழமை அக்கா டெலிபோன் எடுத்தார்.

"தம்பி, ஒருக்கா உம்மைப் பாத்துக் கதைக்கோணும் போல கிடக்கு."

"வீட்ட வாங்கோ அக்கா" என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஞாயிறு என் மனைவி ரஞ்சிக்கு கேர் ஹோமில் ஷிப்ட். அவள் இல்லாத வீட்டுக்கு ஆளைக் கூப்பிட்டால் நான்தான் சமைக்க வேண்டும். என் புத்தி வேறு பக்கம் ஓடியது. ஆபீஸில் பக்கத்து மேசை கார்லோஸ் பெரு நாட்டுக்காரர். "எலிஃபன்ட் அண்ட் காசிலில் எங்கள் ஆட்களின் கடை இருக்கிறது, ஞாயிறு மதியம் பஃபே, போய்ப் பார்" என்று கோடை முழுக்க என் காதைக் கடித்திருந்தார். டூட்டிங்கிலிருந்து அக்காவுக்கு நோர்தேர்ன் லைன் ரயிலில் நேரே வரலாம். நான் இருக்கிற ரெய்னர்ஸ் லேனிலிருந்து எனக்கும் பெரிய கஷ்டமில்லை. ஒரு கல்லில் இரண்டு மாங்காய்!

"அக்கா, ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டரைக்கு அங்க வாங்கோ. சாப்பிட்டுக் கதைப்பம்" என்றேன்.

கடை ரயில் பாலத்துக்கு அடியில். மேலே ரயில் போனால் கிளாஸ்கள் கிணுகிணுக்கும். உள்ளே முழுக்கக் குடும்பம் குடும்பமாக அவர்களின் ஆட்கள். நடுவில் நீள மேசை, அதன் மேல் ஆவி பறக்கும் தட்டங்கள். அக்கா எனக்கு முன்னரே வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், கதவோரம் ஒரு கதிரையின் நுனியில் இருந்தார். மெலிந்திருந்தார்.

உட்கார்ந்ததும் கேட்டேன். இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள்.

"அக்கா, சாப்பிடுறியளோ?"

"ஐயோ, எனக்கு வேண்டாம் தம்பி. இப்பதான் சாப்பிட்டிட்டு வந்தனான். நீர் சாப்பிடும்."

"உண்மையாவோ?"

"ஓம் ஓம்."

கடைக்காரப் பெண்மணி வந்தார். நான் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினேன். ஒரு பஃபே. அக்காவின் பக்கம் கையைக் காட்டி, ஒரு டீ.

அந்த நேரத்தில் எனக்கு அது நாகரிகமாகக்கூடப் பட்டது. ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம். வற்புறுத்துவது பட்டிக்காட்டுத்தனம். ஆளுக்கு ஆள் விருப்பம் வேறு, அதை மதிக்க வேண்டும்... லண்டன் எனக்கு இத்தனை வருடமாகக் கற்றுத்தந்த பாடம் அல்லவா!

பிறகு நான் எழுந்தேன். உருளைக்கிழங்கை அவித்து, மேலே மஞ்சள் நிறத்தில் ஒரு சோஸ் ஊற்றியிருந்தார்கள். காரமும் சீஸும் சேர்ந்த ஒரு ருசி. கோழியைப் பிய்த்துப் போட்டு இன்னொரு மஞ்சள் குழம்பு, நம்முடைய சொதிக்குத் தூரத்துச் சொந்தம். கொத்தமல்லி அரைத்துப் போட்டுப் பச்சைப் பசேலென்று சோறு. மாட்டிறைச்சியை வெங்காயம், தக்காளி, சிப்ஸ் எல்லாவற்றோடும் பிரட்டி வைத்திருந்தார்கள். அதற்குத் தள்ளியே நின்றேன். எவ்வளவு தள்ளி என்று கேட்காதீர்கள். குடிக்க, ஊதாச் சோளத்தை அவித்து எடுத்த ஒரு பானம், நாவல்பழ நிறத்தில்.

மே மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக நான் ரசித்துச் சாப்பிட்டேன். ஒவ்வொரு வாயையும். அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் ஒவ்வொரு தடவை மேசைக்கு வரும்போதும் அக்கா கதையைத் தொடங்குவார்.

"தம்பி, நான் வாடகைக்கு இருக்கிற வீட்டுக்காரரின்ர மச்சான் ஆக்கள் ஜெர்மனியில இருந்து வருகினம். குடும்பமா. இனி இஞ்சதான் இருக்கப்போகினமாம்."

"அட, நல்லதுதானே அக்கா! வீடு கலகலப்பா இருக்கும்."

"ஓம்... கலகலப்பாத்தான் இருக்கும்."

"ஒரு நிமிஷம் இருங்கோ, அந்தப் பச்சைச் சோறு முடியப்போகுது போல. எடுத்திட்டு வாறன்."

திரும்பி வந்தேன். அக்கா என் மகளைப் பற்றிக் கேட்டார்.

"மகள் யூனிவர்சிட்டிக்குப் போட்டாள் என்ன?"

"ஓம் அக்கா, மான்செஸ்டருக்கு. அறை சும்மா கிடக்கு. நான் என்ர புத்தகங்களைக் கொண்டுபோய் அடுக்கப்போறன். எத்தினை நாள் ஆசை!"

"ஓ" என்றார் அக்கா. "உங்கட பக்கம் அமைதியான இடம் என்ன? எனக்கு அந்தப் பக்கம் நல்ல விருப்பம்."

"அமைதிதான். ஆனா அக்கா, நல்ல மீன் வாங்கிறதெண்டா வெம்பிளிக்குப் போகோணும்."

பார்த்தீர்களா? நான் மீனைப் பற்றிக் கதைத்தேன்!

அந்தக் கடையில் உட்கார்ந்தவுடன் மேசைக்கு ஒரு சின்னக் கிண்ணத்தில் வறுத்த சோளம் கொண்டுவந்து வைப்பார்கள். உப்புப் போட்டு, மொறுமொறுவென்று. அது சும்மா, எல்லோருக்கும். நான் கோழியோடு திரும்பியபோது கிண்ணம் காலி. அட, அக்காவுக்குப் பெரு நாட்டுச் சோளம் பிடித்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோசப் புளுகம். கடைக்காரப் பெண்மணி வந்தார். காலியான கிண்ணத்தைப் பார்த்தார், அக்காவின் முகத்தைப் பார்த்தார், என்னிடம் திரும்பி "அவர் சாப்பிடவில்லையா?" என்று கேட்டார்.

"சாப்பிட்டுவிட்டு வந்தவர்" என்று நானே பதில் சொன்னேன்.

அவர் கிண்ணத்தை நிரப்பிவிட்டுப் போனார். அதுவும் முடிந்தது.

கடைசியில் இனிப்பு. பாலில் அரிசியைக் கரையவிட்டு, கறுவாப்பட்டை போட்டு... "அக்கா, எங்கட பாயாசமெல்லோ!" என்று கூவினேன். "ஒரு கரண்டி ருசி பாருங்கோ."

"வேண்டாம் தம்பி, சீனி எனக்குக் கூடாது."

சரி என்று நானே சாப்பிட்டேன். வாயைத் துடைத்துக்கொண்டு, கடமைக்கு ஒரு கேள்வியும் கேட்டேன்: "வேற ஒரு பிரச்சினையும் இல்லைத்தானே அக்கா?"

கேள்வியைப் பாருங்கள். 'இல்லை' என்ற பதிலை நானே உள்ளே வைத்துக் கட்டித்தான் நீட்டியிருக்கிறேன்.

"சீச்சீ, என்ன பிரச்சினை? சும்மா உம்மைப் பாக்கோணும் போல இருந்தது."

பின்னேரம் ரஞ்சி ஷிப்ட் முடிந்து வந்தாள். தேநீரைக் கையில் கொடுத்துவிட்டு நான் பஃபே புராணத்தைத் தொடங்கினேன். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"அக்கா என்ன சாப்பிட்டவ?"

"அவ சாப்பிட்டிட்டு வந்தவ. சோளம் மட்டும் கொறிச்சவ."

ரஞ்சி நிமிர்ந்தாள். "பன்னிரண்டரைக்குச் சாப்பிட வாங்கோ எண்டு நீங்கள் கூப்பிட்டனீங்கள். சாப்பிடக் கூப்பிட்ட ஆள் சாப்பிட்டிட்டு வருமே?"

"நான் கேட்டனான். வேண்டாமெண்டவ."

"எத்தினை தரம் கேட்டனீங்கள்?"

நான் அவளுடைய சப்பாத்தை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"கேட்டுப் போடுறது சாப்பாடே?" என்றாள் ரஞ்சி.

அவ்வளவுதான். நமக்கு இதை ஒருவர் விளக்கவும் வேண்டுமா? நம்மவர் வீட்டில் விருந்தாளி முதலில் வேண்டாம் என்பார். இப்பதான் சாப்பிட்டேன் என்பார், வயிறு சரியில்லை என்பார், இன்றைக்கு விரதம் என்றுகூடச் சொல்வார். வீட்டுக்காரர் அதைக் காதில் வாங்காமல் கோப்பையை வைப்பார். "கொஞ்சம் போதும்" என்றால் இரண்டு அகப்பை விழும். இரண்டு பக்கத்துக்கும் தெரிந்த விளையாட்டு இது. வேண்டாம் என்பது விருந்தாளியின் மரியாதை. அதைக் கேட்காமல் விடுவது வீட்டுக்காரரின் மரியாதை. நான் பிறந்த நாளிலிருந்து விளையாடிய விளையாட்டு... ஒரு ஞாயிற்றுக்கிழமை பசியில் அடியோடு மறந்துபோனேன்.

அதுவும் எங்கே கொண்டுபோய் வைத்து மறந்தேன்? பஃபேயில். பஃபே என்றால் என்ன? யாரும் யாருக்கும் பரிமாறாத விருந்து. தவமணி அக்கா மாதிரி ஒருவர் தானாக எழும்பிப்போய்த் தட்டில் அள்ளிப் போட்டுக்கொண்டு வருவாரா? பசியில் மயங்கி விழுந்தாலும் வரமாட்டார். போதாததற்கு ஒற்றை விரலை வேறு தூக்கிக் காட்டியிருக்கிறேன். அதற்குப் பிறகு அவர் மனம் மாறினாலும் வழி இல்லை.

"வேற என்ன கதைச்சவ?" என்று ரஞ்சி விடவில்லை. சொன்னேன். ஜெர்மனியிலிருந்து வருகிற குடும்பம். மகளின் அறை. ரெய்னர்ஸ் லேன் அமைதியான இடம். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே சின்னதாகிக்கொண்டு போனது. இவ்வளவையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னால் ஒரு குழந்தைக்கும் விளங்கும். எனக்கு நடுநடுவே ஒவ்வொரு தட்டு வந்துவிட்டது.

ரஞ்சி தேநீரைக் குடிக்காமல் கீழே வைத்தாள். "இஞ்சாருங்கோ... அந்த மனுசிக்கு இருக்க இடமில்லை."

டெலிபோன் எடுத்தோம். அக்கா எடுக்கவில்லை. அடுத்த நாள் வேலை முடிந்ததும் இரண்டு பேரும் டூட்டிங்குக்குப் போனோம். அக்கா இருந்த வீட்டின் நடையெல்லாம் சூட்கேஸ்கள். வீட்டுக்கார அம்மா வாசலில் நின்றே சொன்னார்:

"அவ சனிக்கிழமையே வெளிக்கிட்டிட்டாவே. தம்பி ஒருத்தர் இருக்கிறார், அவரிட்டப் போவன் எண்டு சொன்னவ. இப்போதைக்கு, கூட வேலை செய்யிற ஒரு பிள்ளையோட நிக்கிறா."

சனிக்கிழமையே! அப்படியென்றால் என் எதிரே உட்கார்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஒரு அடுப்புக்கூட இல்லை. அந்தத் தம்பி யார் என்று வீட்டுக்கார அம்மா கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது.

விலாசம் வாங்கிக்கொண்டு அங்கே போனோம். அந்தப் பிள்ளையின் பெயர் எவா. போலந்துக்காரி. அக்கா வேலை செய்யும் கடையில் பாத்திரம் கழுவுகிறாள். அவளுடைய ஃப்ளாட் ஒரு பொரித்த கோழிக்கடைக்கு மேலே. படி ஏறினால் எண்ணெய் வாசம். கதவைத் திறந்ததும் அக்காவின் முகத்தில் உண்மையான சந்தோசம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இருப்பதே ஒரு சின்ன ஹோல். அதில் ஒரு சோபா, அதன் மேல் மடித்து வைத்த போர்வை.

"ஏன் அக்கா என்னட்டச் சொல்லேல்லை?" என்றேன். கேட்டு முடிக்குமுன்பே கேள்வியின் லட்சணம் விளங்கிவிட்டது.

"சொல்லத்தான் வந்தனான் தம்பி. நீர் கனநாளைக்குப் பிறகு சந்தோசமாச் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர். அதைக் கெடுப்பான் ஏன் எண்டு விட்டிட்டன்."

கோபித்திருக்கலாம். ஒரு பேச்சுப் பேசியிருக்கலாம். அக்கா அதைக்கூட எனக்குத் தரவில்லை.

எவா உள்ளே இருந்து ஈரக் கையோடு வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கலாம். அவள் எப்படி அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தாள் என்று ரஞ்சி கேட்டாள். "அவள் எங்க கேட்டவள்?" என்று அக்கா சிரித்தார். "தலகாணியையும் போர்வையையும் கொண்டுவந்து வைச்சிட்டுத் தன்ர பாட்டுக்குப் போட்டாள். நான் வேண்டாமெண்டன். அவள் காதில விழுத்தினால்தானே!"

தன்னைப் பற்றித்தான் கதை என்று எவாவுக்கு விளங்கியது. "சண்டே ஷீ கம் பேக் வெரி ஹங்க்ரி" என்றாள் தன் ஆங்கிலத்தில். "ஐ மேக் சூப். ஷீ ஈட், ஈட்!"

அக்கா ஜன்னலைப் பார்த்தார். ரஞ்சி என்னைப் பார்த்தாள். எனக்குப் பார்க்க ஓரிடமும் இருக்கவில்லை.

"அக்கா, வெளிக்கிடுங்கோ" என்றாள் ரஞ்சி. "மகளின்ர அறை கிடக்கு. கட்டில் விரிச்சுப்போட்டுத்தான் வந்தனான்."

"வேண்டாம் பிள்ளை."

"என்ன வேண்டாம்? எங்க உங்கட சாமான்? நான் எடுக்கிறன்."

"வேண்டாம் பிள்ளை."

நானும் கேட்டேன். ஒரு தரமல்ல. கெஞ்சினேன் என்றே சொல்லலாம். புத்தகங்களை எறிந்துவிடுவேன் என்றேன். வேலைக்கு நானே கொண்டுவந்து விடுவேன் என்றேன். கையைக்கூடப் பிடித்துவிட்டேன். அக்கா பொறுமையாக என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"வேண்டாம் தம்பி."

நம்மவரின் சம்பிரதாய வேண்டாமுக்கு எப்போதும் ஒரு காரணம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் அதன் அடையாளம். இதில் காரணமே இல்லை. வேலைக்குத் தூரம் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. உங்களுக்கு ஏன் கரைச்சல் என்று சொல்லியிருக்கலாம், அதுவும் சொல்லவில்லை. ரஞ்சிக்கு விளங்கிவிட்டது. மெல்ல எழும்பித் தன் கோட்டை எடுத்தாள்.

இதைக் கேட்க வேண்டிய நாள் ஞாயிற்றுக்கிழமை. நான் கேட்டது திங்கட்கிழமை.

வாசலுக்கு எவாவும் வந்தாள். எங்களை மேலும் கீழும் பார்த்தாள். முதல்நாள் இரவு சூப் வைத்துக் கொடுத்தவளுக்கு அதைக் கேட்க முழு உரிமையும் இருக்கிறது. என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்: "யூ... ஃபேமிலி?"

அக்கா முந்திக்கொண்டார்.

"யெஸ் யெஸ். மை பிரதர்!"

சப்பாத்து லேஸ் கட்டக் குனிந்தேன். ஒரு லேஸ் கட்ட இவ்வளவு நேரம் எடுக்கும் மனிதனை அந்தப் பெண் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டாள்.